தூங்கானை

நாடாவின் ஒரு முனை பொங்கியண்ணனிடம்,
மறுமுனை என்னிடம்.
நடுவில் மஞ்சள் வெட்டி முடித்த காடு,
காட்டுக்குள் குழி,
குழிக்குள் செங்கல்லில் ஒரு வளைவு
தொடங்கி
பாதியில் நின்றுவிடுகிறது.

கோயில்களை வரைவது என் வேலை.
இருப்பதற்குக் கெட்டிக்கோடு,
இல்லாததற்குப் புள்ளிக்கோடு.
இந்தத் தாளில் இதுவரை புள்ளிகளே அதிகம்.

முன்பக்கம் நீள்சதுரம், பின்பக்கம் அரைவட்டம்.
தூங்கானை மாடம் என்று பெயர்.
படுத்த யானையைப் பின்னாலிருந்து பார்த்தவன் எவனோ
அந்த முதுகை மறக்காமல் கட்டியிருக்கிறான்.
உள்ளே சிலை இருந்த தடம் இல்லை.
வண்டிச் சக்கரம் அளவு வட்ட மேடை,
அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்க வழி.
சுண்ணாம்புத் தரை அங்கே மட்டும்
கன்னம் போல வழுவழுத்திருக்கிறது.
வலமாக, வலமாக,
எத்தனை நூறு வருஷமோ.

ஓட்டுச் சில்லில் கீறிய எழுத்து:
"சாத்தி தந்த"
அதற்குமேல் உடைந்துவிட்டது.
என்ன தந்தாள்? எண்ணெயா,
நொய்யல் கரையில் துளையிட்ட கல்மணியா,
நான் மண்டியிட்டிருக்கும் இந்தச் சுண்ணாம்பா?

"ஏனுங் அம்மிணி, மேல இருந்ததெல்லாம் எங்கீங்க போச்சு?"
மேலே மரம், மரத்தின்மேல் ஓடு.
ஆள் வரத்துக் குறைந்த வருஷம் ஒழுகியிருக்கும்.
அடுத்த வருஷம் ஏறி மாற்ற ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.
இடித்தார்களா, எரித்தார்களா என்று
பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கேட்டார்.
தெரியாது என்றேன்.
செங்கல்லில் கரி இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேம்படியில் மொட்டை முனியப்பன்.
சம்மணம், மடியில் கைமேல் கை.
தலை இருந்த இடத்தில் ஓர் உருண்டைக் கல்,
கல்லுக்கு வெள்ளிக் கண்.
ஆடியில் சேவல் அறுக்கிறார்கள்.
உள்ளங்கையில் யாரோ வைத்த சுருட்டு
இன்னும் அங்கேயே இருக்கிறது.

மத்தியானம் தண்ணீர் கேட்டபோது
களை வெட்டிக்கொண்டிருந்த மாராத்தாள்
தன் பாட்டிலை நீட்டிவிட்டுக் கிணற்றைக் காட்டிச் சிரித்தாள்.
சாயத்தண்ணி ஊறி, குடிக்க விட்டு இருபது வருஷமாம்.
இந்த வாரம் கத்தரிப்பூ நிறம்.

எட்டிப் பார்த்தேன்.
சுவர் முழுக்க ஆப்புச் செங்கல்,
வெளிமுனை அகலம், உள்முனை குறுகல்.
நாடாவைப் பிடித்தோம்.
விட்டம் பத்தடி இரண்டங்குலம்.
குழிக்கு ஓடிப்போய் வளைவை மறுபடி அளந்தேன்.
பத்தடி இரண்டங்குலம்.

அரைவட்டம் இரண்டு சேர்ந்தால் ஒரு கிணறு.
யானை எழுந்து
நூறு கஜம் நடந்து
மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருக்கிறது.
பிரிக்கும்போது மேல்வரிசைதான் முதலில் வரும்.
கட்டும்போது முதலில் வந்தது அடியில் போகும்.
ஆக, தலைகீழாக நிற்கிறது கோயில்,
உச்சி தண்ணீருக்குள்.

"எங்க அப்பாரு கட்டுன கெணறுங்."
பொங்கியண்ணன் குரல் இறங்கிவிட்டது.
"சாமி வூட்டைப் பிரிச்சா கட்டுனாரு?
மழை இல்லாத காலமுங். நாலு ஊரு குடிச்சுதுங்."
"குடிச்சுது," என்றாள் மாராத்தாள்.
"எங்கம்மாளுக்கு ஊத்தித்தான் உட்டாங்க.
கயித்தத் தொட உடல."

நாடா தானாகச் சுருண்டு
டப்பாவுக்குள் போய் விழுந்த சத்தம்.

உருளைக்கால் சாய்ந்த இடத்தில் சாந்து பேர்ந்து
மேல்வரிசைக் கல்லொன்றின் முகம் தெரிந்தது.
மாராத்தாள்தான் அதில் கைவைத்தாள்.
ஒரு நாயின் கால்தடம்.
காயுமுன் நடந்திருக்கிறது,
ஓடவில்லை; விரல் நான்கும் ஒரே ஆழம்.
யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள்.

புள்ளிக்கோடுகளை நான் அழிக்கவில்லை.
அதே தாளில், அதே அளவில்
கிணற்றைக் கெட்டிக்கோட்டில் போட்டேன்.
வடக்குக் குறி போட்டேன், தேதி போட்டேன்.
நாய்க்கு எந்தக் கோடு என்று தெரியாமல்
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.